தீவனக் குடோனில் அடைபட்ட பெரியவர்

என் தங்கைக்கு வரன் விசாரிக்க வந்த பெரியவரை என் பத்து வயது மகள் தீவனக் குடோனுக்குள் விட்டுப் பூட்டிவிட்டாள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கதவைத் திறந்து, தலை முதல் கால் வரை கருவாட்டுத் தூள் அப்பிக்கொண்டு அந்த மனிதர் நின்றதைப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. காலாண்டுப் பரீட்சை லீவின் முதல் ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப் பண்ணை. முட்டைக் கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதனால் எங்களுக்கும் கிடையாது. இருந்தும் மகள் மூன்று நாளாக விடாமல் நச்சரித்ததில், அவளையும் பக்கத்துத் தோட்டத்து இரட்டைப் பெண்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். பிள்ளைகள் உளவாளிகளாக நடித்த படம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. குடும்பத்தோடு பார்க்கிற படத்தால் குடும்பத்துக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

படத்தில் மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நான்கு பிள்ளைகள் ஓர் அணைக்கட்டின் வரைபடத்தைத் திருடியவனைத் துரத்துகிறார்கள். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ஒரு காதல் பாட்டுகூட இல்லை. கடைசியில் வில்லனுக்கு ஆசை காட்டி ஐஸ் பேக்டரிக்குள் அழைத்துப்போய் வெளியே தாழ் போட்டுவிடுகிறார்களாம். 'விடுகிறார்களாம்' என்று சொல்வதற்குக் காரணம், இடைவேளைக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். அந்த ஐஸ் பேக்டரியை மட்டும் கண் திறந்து பார்த்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன்.

மறுநாளே எங்கள் பண்ணையில் உளவுப்படை ஆரம்பமாகிவிட்டது. மூன்று பெண்கள், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பழைய கைக்கடிகாரம். தலைமையகம் தீவனக் குடோன். மக்காச்சோள மூட்டைகளுக்கும் கருவாட்டுத் தூள் மூட்டைகளுக்கும் நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டு மூவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் நோட்டை மூடிவிடுவார்கள். "என்னடி எழுதறீங்க?" என்று கேட்டால், "பார்த்ததை எழுதறோமுங்கப்பா, மணியோட" என்பாள் மகள். வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் வயிற்றுவலி வருகிற பிள்ளை இப்படி விழுந்து விழுந்து எழுதுகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்கு அந்த வாரம் வேறு கவலை. எங்கள் அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. தங்கைக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிற நல்ல குடும்பத்திலிருந்து ஒரு வரன் கூடிவரும்போல இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. அடுத்தது விசாரணை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் விசாரிக்க ஒருவர் வருவார். வருவதாகச் சொல்லமாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றி ஆரம்பித்து மெதுவாக நம் வீட்டுக்கு வருவார். சலூனில் சவரத்துக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டே நம் குடிப்பழக்கத்தைக் கேட்பார். அவர் யாரென்று நமக்குத் தெரியாத மாதிரி நாம் இருக்க வேண்டும், நமக்குத் தெரியும் என்பது தெரியாத மாதிரி அவர் இருக்க வேண்டும். உளவு வேலையைக் கற்றுக்கொள்ள நாங்கள் சினிமாவுக்குப் போக வேண்டியதே இல்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று தரகர் காதில் போட்டுவிட்டார். நான் டீக்கடைக்காரர், சலூன்காரர், பால் சொசைட்டி செயலாளர் மூவரிடமும் போய், யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன். என் சர்க்கரை வியாதியை மறைக்கச் சொன்னேன். என் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லச் சொன்னேன். ஊரையே தயார் செய்தவன் வீட்டில் இருந்த மூன்று வாண்டுகளை மறந்துவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பிரயோஜனமில்லை. தங்கை ஆய்வகப் படிப்பு படித்தவள். வெளி மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்கு இரண்டு மாதம் முன்பு நேர்காணல் போய்வந்திருந்தாள். தேர்வானவர்களுக்குத் தபாலில் உத்தரவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அது வந்தது. தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். உறையின் மேலே ஆஸ்பத்திரிப் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. வேலைக்குப் போகிற பெண் தங்களுக்குத் தோதுப்படாது என்று மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. ஜீப்பின் டேஷ்போர்டைத் திறந்து, வண்டிக் காகிதங்களுக்கு அடியில் அதைச் சொருகினேன். நிச்சயம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிச்சயத்துக்குப் பிறகு பார்க்க அதில் என்ன மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் எங்கள் தோட்டப் பக்கமாகப் போனது. பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைக்கு வருவார் என்று காத்திருந்தேன். பன்னிரண்டாகியும் ஆள் வரவில்லை.

"அவிய வேற பக்கமாப் போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் டீக்கடைக்காரர். பாடத்தை ஒப்பிக்க முடியாமல் போனதில் அவருக்கும் வருத்தம்.

வீட்டுக்கு வந்தால் வெள்ளைக் கார் பண்ணைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. உள்ளே செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆளைக் காணோம். கேட் அருகே மூன்று பெண்களும் வரிசையாக நின்று எனக்கு சல்யூட் அடித்தார்கள்.

"ஒருத்தரப் புடிச்சுட்டோமுங்கப்பா" என்றாள் மகள்.

"யாரைப் புடிச்சீங்க?"

"எதிரியோட ஆளுங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்தாருங்க. அத்தை சத்தமாப் பேசுமா, கோபம் வருமா, போன்ல யார்கிட்டப் பேசும்னு கேட்டாருங்க. அத்தையோட ரகசியமெல்லாம் குடோன்ல இருக்குதுங்க தாத்தான்னு சொன்னேன். அவரே உள்ள போயிட்டாருங்க."

பிடிபட்டது மாப்பிள்ளையின் பெரியப்பாதான். கறுப்புக் கண்ணாடி கண் ஆபரேஷனுக்காகப் போட்டது என்று பிறகு தெரிந்தது. வெளியாள் யாரையும் பண்ணைக்குள் விடக்கூடாது, கோழிக்கு நோய் வந்துவிடும் என்று பிள்ளைகளைப் பழக்கியவனும் நான்தான். நோய் கொண்டுவருகிறவன், வரைபடம் திருடுகிறவன், வரன் விசாரிக்கிறவன் எல்லாரும் அவர்கள் கணக்கில் ஒரே ஆள்.

ஓடிப்போய்த் தாழை நீக்கினேன். பக்கத்திலேயே தீவனம் அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறார். கதவைத் தட்டித் தட்டி மூட்டை ஒன்று சரிந்து, வெள்ளை வேட்டி கருவாட்டு நிறத்துக்கு வந்திருந்தது. நான்கு தும்மல் தும்மினார். நான் கையெடுத்துக் கும்பிட்டபடியே, "மாமா, மன்னிச்சுக்கோங்க மாமா, சின்னப் புள்ளைங்க" என்று என்னென்னவோ உளறினேன். மகளை அடிக்கக் கையை ஓங்கினேன்.

"அந்தப் புள்ளயத் தொடாதீங்க" என்று அதட்டினார் அவர். அப்போதுதான் அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறார். வேறு வேலை என்ன அங்கே?

"ஏனுங்க தம்பி, உங்க ஊட்ல நடக்கறது உங்களுக்கே தெரியல. நான் எதுக்குங்க டீக்கடையில போயிக் கேட்கோணும்? உங்ககிட்டச் சம்பந்தம் பண்றதுக்கு எங்களுக்குப் பயமா இருக்குதுங்க."

நோட்டை என் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டு, தும்மிக்கொண்டே போய்க் காரில் ஏறினார். வாரேன் என்ற ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வரன் போய்விட்டது என்ற ஆத்திரத்தில் நோட்டைக் கிழித்துப் போடத்தான் பிரித்தேன். முதல் பக்கத்தில் சிரிப்பு வந்தது. 'அப்பா சர்க்கரை இல்லாத காபி குடித்தார். பிறகு குடோனுக்குள் வந்து மைசூர்பாகு சாப்பிட்டார். இரண்டு துண்டு. 4.20.' அடுத்த பக்கம் என் மனைவி போனில் தன் அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொன்னது. அதை இங்கே எழுத முடியாது.

அதற்கடுத்த பக்கம் தங்கையைப் பற்றி.

'திங்கள். மணி 3. தண்ணீர்க் குழாய் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அத்தை மூன்றாவது ஷெட்டுக்குப் பின்னால் போனார். அழுதார். 9 நிமிடம். முகம் கழுவிவிட்டு வந்தார்.'

'செவ்வாய். மணி 3. அதே இடம். அழுதார். 12 நிமிடம்.'

புதன், வியாழன் இரண்டிலும் அதேதான். நிமிடம் மட்டும் மாறியிருந்தது.

நான் அப்படியே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். தினமும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். நான் கேட்கும் முன்பே எனக்கு மோர் ஊற்றுகிறவள் அவள். சிரித்துக்கொண்டேதான் ஊற்றுவாள். அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அந்த மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்தைத் திருப்பினேன்.

'செவ்வாய். மணி 11.15. தபால்காரர் அத்தை பெயருக்கு ஒரு பழுப்பு உறை கொடுத்தார். அப்பா பிரித்துப் படித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஜீப் டேஷ்போர்டில் வைத்தார்.'

'புதன். உறை அங்கேயே இருக்கிறது.'

'வியாழன். உறை அங்கேயே இருக்கிறது.'

'வெள்ளி, காலை. உறை அங்கேயே இருக்கிறது.'

என் மகளின் உருண்டையான கையெழுத்து. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இதைத்தான் அந்தப் பெரியவர் படித்திருக்கிறார். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. அதைவிடப் பெரிய அடி, நான்கு நாளாக என் மகள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், என் முதுகில் ஏறி விளையாடியிருக்கிறாள், ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்று மணி ஆகும்வரை குடோனிலேயே இருந்தேன். பிறகு உறையை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஷெட்டுக்குப் பின்னால் போனேன். நோட்டில் எழுதியிருந்தது பொய்யாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. தங்கை காலி முட்டை அட்டைகளின் கட்டின்மேல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயிரக்கணக்கான கோழிகள் போட்ட சத்தத்தில் அவள் அழுகை எனக்குக்கூடக் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். நான் உறையை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எனக்குக் கெடைக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்கண்ணா. எப்பங்கண்ணா வந்துச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். வாயைத் திறந்தால், "இப்பத்தான் வந்துச்சு. கையோட கொண்டு வந்துட்டேன்" என்று வருகிறது.

"இல்லீங்க அத்தை."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மகள் எழுந்து வந்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு அங்கேதான் வேலை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"செவ்வாய்க்கெழம வந்துச்சுங்க. பதினொண்ணே கால் மணிக்கு."

தங்கை என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா சாமி? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அப்பா உங்களுக்குக் குடுத்துருவாருன்னு நெனச்சேனுங்க அத்தை. தெனமும் போயிப் பார்த்துட்டே இருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். தங்கை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொடாத குறை. இருவரும் என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். நான் அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை தங்கை பஸ் ஏறினாள். ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது அங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். என்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று என் மனைவியிடம் சொன்னாளாம். தினமும் சாயங்காலம் என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். நான் எடுத்தால், "பாப்பா கிட்டக் குடுங்கண்ணா" என்கிறாள். அண்ணன் மாத்திரை போட்டாரா, நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்பதையெல்லாம் என் மகளிடம்தான் கேட்கிறாள்.