ஆண்டவருக்கு அக்கா காது கொடுத்த கதை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். இரண்டு பக்கமா? அக்கா சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபமே அதைவிட நீளம். ஆனாலும் எழுத உட்கார்ந்ததிலிருந்து என் கை நிற்கவில்லை. துக்கத்தைச் சொல்ல அல்ல, அவர் வாழ்க்கையில் நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஓர் அதிசயத்தைச் சொல்ல.

கிளியனூருக்குப் பக்கத்து ஊரில், கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் பயிரிட்ட வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் கற்று, அம்மாவுக்குத் தோள் கொடுத்தார். என்னை வளர்த்ததும் அந்தத் தையல் மிஷின்தான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். அக்கா பிழைத்தது மட்டுமல்ல, எங்களையும் பேசிப் பேசியே கரையேற்றினார்.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்கு பைக் பழுது பார்க்கும் பட்டறை. அவர்களுக்கு ஒரே மகன், அருள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா முழந்தாளிட்டு, "இவன் பொழச்சா உமக்கே குடுத்துடறேன்" என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் 'குட்டிச் சாமி'. தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், பிள்ளைகள் குருவாக வர இறையழைத்தலுக்காக வேண்டும்போதெல்லாம், "என் புள்ளைய அவரு கூப்பிட்டுட்டாரு" என்று அக்கா சாட்சி சொல்வார். அருளும் அம்மா சொல்லைத் தட்டாமல் சாமியாருக்குப் படிக்கக் குருமடம் போனான்.

படிப்பு பாதியில் இருக்கும்போது, ஒரு மதியம் பெட்டியோடு வந்து நின்றான். நானும் அக்காவும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாடா, லீவா?"

"இல்லம்மா. வீட்டுக்குப் போயி யோசிச்சிக்கினு வான்னு குருமடத்து அதிபர் அனுப்பிட்டாரு. எனக்கு அழைத்தல் இருக்கிற மாதிரி தெரியலம்மா."

"இன்னா பேச்சு இது? ஆண்டவரு உன்னக் கூப்பிட்டாருடா."

"என்னக் கூப்பிட்டா எனக்குத்தானம்மா கேக்கணும்? உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

அக்கா பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தொலியை முறத்தில் போட்டார். அவனே தணிந்த குரலில் சொன்னான்: "நீ போன்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே திரும்பிப் போறேன். உன் பேச்ச மீற மாட்டேன்."

ஒரு வாலிபனின் வாழ்க்கை முழுவதும் அக்காவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் எங்கள் அக்கா. போ என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அன்று ஜெபமாலை, நவநாள், மன்றாட்டு என்று வீடே அதிர்ந்தது. பட்டறையிலிருந்து வந்த மாமா கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"நீயும் டெய்லி அவருக்கு போன் போடற. நீயே பேசற, நீயே ஆமென்னு கட் பண்ணிடற. பாவம், அவரு எப்பத்தான் பேசுவாரு?"

நான் சிரித்துவிட்டேன். "நீ இன்னாடி இளிக்கிற?" என்று அக்கா என் தொடையில் ஒன்று வைத்தார். ஆனால் மறுநாள் மதியம் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஆளில்லாத கோயில். "நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீயும் வாய மூடிக்கினு உக்காரு" என்றார்.

பழக்கத்தில் உதடு தானாக அசையும், முந்தானையால் பொத்திக்கொள்வார். முதல் நாள் வெளியே வந்ததும், "ரசத்துக்குப் புளி ஊற வெச்சனான்னுதாண்டி மனசு ஓடுச்சு" என்றார். அடுத்த நாள் தூங்கியே விட்டார். ஆனாலும் விடாமல் போனார். ஒரு மதியம் திரும்பிப் பார்த்தால், கண்ணீர் தாரை தாரையாக வழிகிறது.

"இன்னாக்கா, கேட்டுச்சா?"

"நான் இத்தன வருசமா பேசினதுதாண்டி எனக்கே திரும்பக் கேட்டுச்சு. என் புள்ள, என் நேர்ச்ச, என் பேரு. உனக்கு இன்னாடா வேணும்னு அருளை ஒரு தடவகூட கேக்கலியே நான்."

"அது உன் மனசு பேசினதா இருந்தா?"

"என் மனசா இருந்தா எனக்குப் புடிச்சத இல்ல சொல்லும்? இது புடிக்காததச் சொல்லுது. அதனாலதான் அவருன்னு நெனைக்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்று எழுதும்போதும் சிலிர்க்கிறது.

அன்று மாலை பட்டறைக்குப் போய், ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, "சொல்லுடா, கேக்கறேன்" என்றார். அருள் பேசினான். சிறு வயதிலிருந்து விழுங்கிய எல்லாவற்றையும் பேசினான். அக்கா ஒருமுறைகூடக் குறுக்கே புகவில்லை. மாமா வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவன் முடித்ததும் அக்கா சொன்னார்: "நேர்ந்துக்கினது நானு. அத நானே தீத்துக்கறேன். நீ போவ வேணாம்."

சொன்னபடி தீர்த்தார். வாரந்தோறும் பஸ் ஏறி விழுப்புரம் போய், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களின் கட்டில் அருகே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டார். அறிவுரை இல்லை, சாட்சி இல்லை. கேட்பது மட்டும்தான். அருள் பட்டறையில் சேர்ந்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "சாமியாராப் போனவன் ஸ்பேனர் புடிக்கிறானே" என்றாள் ஒருத்தி. "ஆமாண்டி, உன் வண்டி பிரேக்கு புடிக்காதப்ப ஜல்தியா அவங்கிட்டயே வா" என்றார் அக்கா. பேச்சு முழுவதுமாகப் போய்விடவில்லை என்று எங்களுக்கு ஆறுதல்.

பிறகு அருளுக்குத் திருமணமாகி மகள் பிறந்தாள். அவள் தத்தித் தத்தி நடக்கும்போதுதான் புற்றுநோய் அக்காவைப் பிடித்தது. அதே விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்தார். வலி கூடிய ஒரு நாள், அருள் தாங்க மாட்டாமல் மகளைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே முழந்தாளிட்டான். "ஆண்டவரே, எங்கம்மா பொழச்சா என் பொண்ண உமக்கே..." என்று தொடங்கினான். அக்கா கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினார்.

"டேய், உன்னுது எது வேணா குடு. இவளக் குடுக்காத. கூப்பிடணும்னா அவருக்கு இவ பேரு தெரியும்."

சில நாள் கழித்து, ஞாயிறு காலை, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், சமைத்து அனுப்பிய அன்பியத்துக் குடும்பங்களுக்கும், தாம் நலமாகி வீடு திரும்பிய பிறகும் அக்காவைப் பார்க்கத் தேடி வந்த அந்தக் கட்டில்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. எல்லாருக்கும் மேலாக, எங்கள் அக்கா பேசி முடிக்கும்வரை அத்தனை வருடம் பொறுமையாகக் காத்திருந்த ஆண்டவருக்கு நன்றி.