டெல்மரின் முறை

டெல்மர் ஸீபெல் முப்பத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியவன். இடுப்பளவு பனி கொட்டிய நாளிலும் எங்கள் விஸ்கான்சின் பண்ணைகளில் பால் தேங்கவிட்டதில்லை. மனைவி இறந்த பிறகு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். வீடு விற்ற பணமெல்லாம் முதியோர் இல்லத்துக்கே கட்டித் தீர்ந்தது. அதன்பின் செலவை அரசாங்கம் ஏற்றது. அவன் பென்ஷனை எடுத்துக்கொண்டு, கைச்செலவுக்கு மாதம் நாற்பத்தைந்து டாலர் விட்டுவைத்தது. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நான் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை.

வியாழன் காலைகளில் இல்லத்து வேன் அவனை டார்லாவின் காபிக் கடையில் இறக்கிவிடும். அங்கே நாங்கள் ஆறு கிழடுகள் பகடை குலுக்குவோம். தோற்றவன் எல்லோருக்கும் காபியும் கேக்கும் வாங்கித்தர வேண்டும். டெல்மர் மட்டும் குளிர்காலம் முழுக்கப் பகடையைத் தொடாமல் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் காபி கூடாதுன்னுட்டாருடா" என்பான். எங்கள் கதைகளுக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மார்ச்சில் ஒரு வியாழன் பகடை டப்பாவை அவன் முன்னால் தள்ளினேன்.

"டாக்டராவது மண்ணாவது! காபி குடிக்காட்டி என்ன, குலுக்கக் கை இருக்குல்ல? கஞ்சப்பயலே, வீடு வித்த காசை எங்கடா பொதச்சு வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தான். காது மட்டும் சிவந்துவிட்டது.

"சரி, குடுடா" என்று குலுக்கினான். தோற்றான்.

சட்டைப்பையிலிருந்து இல்லத்தின் பெயர் அச்சடித்த உறையை எடுத்தான்.

"இருக்கட்டும் டெல்மர், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள் டார்லா.

"அதெல்லாம் வேணாம்மா. தோத்தவன் நான்தானே."

அவளுக்கு டிப்ஸும் வைத்தான். காலி உறையை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான். அதைப் பார்த்தும் நான் என் கேக்கை ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

அடுத்த மூன்று வியாழனும் வேன் மற்றவர்களை இறக்கிவிட்டுப் போனது, அவன் வரவில்லை. இல்லத்துக்குப் போனேன்.

வாசலில் இருந்த பணிப்பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது சொல்லுங்க. முடிவெட்ட ஆள் வந்தா அடுத்த மாசம்ங்குறாரு. கைக்காசெல்லாம் தீந்துபோச்சாம். இப்படி ஒருநாளும் பண்ணமாட்டாரு."

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முடி காலரைத் தொட்டது. நான் பர்ஸை எடுத்தேன்.

"டெல்மர், அன்னிக்கு நான்..."

"அத உள்ள வைடா." எட்டி, மேசைமேல் இருந்த பெரிய பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றினான். "இங்க காபி சும்மாதான். குலுக்க வேண்டாம்."

ஒன்றை என்னிடம் நீட்டினான். மற்றதைக் கண்ணை மூடி உறிஞ்சிக் குடித்தான். முடித்ததும் இன்னொன்று ஊற்றிக்கொண்டான்.

டாக்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"குடிடா, ஆறிடும்" என்றான்.

பர்ஸை உள்ளே வைத்துவிட்டுக் குடித்தேன்.