மீன்தொட்டிக் கடதாசி

என் எழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நினைவும் முன்னைப்போல இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். மை ஊறிப் பரவுவது மட்டும் என் பிழை இல்லை. இந்த வெள்ளைக் கடதாசி எழுதுவதற்கு வாங்கியது அல்ல, எங்கள் வீட்டு மீன்தொட்டிக்கு வாங்கியது.

தம்பியின் மகன், என் மருமகன், வெளிநாடு போகுமுன் கூடத்தில் சின்னதாக ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தான். அரிப்பு என்கிற ஊர்ப்பக்கம், கடலுக்கடியில் பவளப் பாரில் பிடித்த, மஞ்சள் கோடு போட்ட இரண்டு குஞ்சு மீன்கள். ஆறிய பால்தேத்தண்ணியில் கட்டுவது போல அந்தத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலம் வந்து வந்து கட்டும். போகிற நாள் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தான். "மாமி, இது மூடிச்செண்டா மீனுக்கு மூச்சு முட்டும். கடதாசியை மேல மெல்ல விரிச்சு அப்பிடியே தூக்குங்கோ. மோட்டரை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. தண்ணி ஆடிக்கொண்டே இருக்கவேணும்." தாயிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னானே என்று எனக்குப் பெருமை. காலையில் கடதாசியை விரித்துத் தூக்குவேன்; படலம் ஒட்டிக்கொண்டு வர, கீழே தண்ணீர் பளிச்சென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவனுடைய முதல் கேள்வி, "மாமி, பிள்ளையள் சுகமோ?"

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு ரேடியோ இல்லை, தாளிப்பு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. தம்பியின் மனைவி, என் மச்சாள், ஆண்டவரின் பாடுகளை வாசிக்கக் கதிரையில் இருந்தவள் எழும்பி வந்தாள். "உது இரையுது மச்சாள். இண்டைக்குக் கோயில் மணியே அடிக்கிறேல்லை, உதுக்கு மட்டும் என்ன?" என்று மோட்டரை நிறுத்தினாள். மீன் என்று இழுத்தேன். "ஓம் ஓம், வெளிக்கிடேக்க போட்டுவிடுறன். நீங்கள் கோயிலுக்கு முன்னுக்குப் போங்கோ." தம்பியின் கடைசிப் படுக்கையில் அவளும் நானும்தான் அவனைத் தூக்கிப் பார்த்தோம். அவளை நம்பாமல் யாரை நம்புவது? போனேன்.

கோயிலால் திரும்பி வந்தபோது கூடம் சத்தமில்லாமல் கிடந்தது. வெக்கையில் படலம் தடித்திருந்தது. அதன் கீழே மீன்கள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன.

மருமகனுக்குப் போன் எடுத்த மச்சாள் என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்: "உன்ர மாமி தலைக்கு எண்ணெய் வைச்ச கையைத் தொட்டிக்குள்ள விட்டவ. நான் சொன்னாக் கேட்டால்தானே." போனை என் கையில் தந்தாள். அவன், "பரவாயில்லை மாமி. வயசு போட்டுதுதானே. இனித் தொட்டியைத் தொடாதேங்கோ" என்றான். ஏசியிருந்தால் அழுதிருப்பேன். அந்த இரக்கத்தைக் கேட்டதும் போனை மச்சாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். "என்னில கோவிச்சா அவன் போனே எடுக்கமாட்டான், மச்சாள். உங்களில எண்டா மறந்திடுவான்."

மறக்கத்தான் செய்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கேட்பதில்லை. காய்ந்த தொட்டிக்குள் மச்சாள் மெழுகுதிரி அடுக்கி வைத்திருக்கிறாள். மிச்சக் கடதாசி என்னிடம் இருக்கிறது.

மீன் பிடித்தது அரிப்பிலா கொண்டச்சியிலா என்பதில் நான் பிழை விட்டிருக்கலாம். தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் என் மருமகனிடமே கேட்டுப் பாருங்கள்: அவன் பிறந்து வளர்ந்த வீட்டில், பெரிய வெள்ளியன்று யாராவது தலைக்கு எண்ணெய் வைத்ததுண்டா?