டயர் தொட்டிக்கு மூன்று கொட்டேஷன்

சித்தூர் ஜில்லாவில், பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து. 2003ஆம் வருஷம், குப்பை போடுவதற்காகத் திருப்பதியிலிருந்து பன்னிரண்டு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களை வாங்கித் தெருமுனைகளில் வைத்தார்கள். மூடியோடு பளபளவென்று இருந்த அவற்றில் குப்பை போட யாருக்கும் மனசு வரவில்லை. பத்தே நாளில் எட்டு டிரம்கள் காணாமல் போயின. ஒரு வீட்டில் விதைநெல் ஊறியது, இன்னொரு வீட்டில் மாட்டுக்குக் கழுநீர். மிச்சம் இருந்த நான்கையும் செயலாளர் ஹரிபாபு சங்கிலி போட்டுக் கட்டினார். மறுவாரம் சங்கிலியும் போயிற்று.

இதைக் கேட்டு ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் துலுக்காணம்.

நிலம் இல்லாத குடும்பம் அவனுடையது. ரோட்டில் லாரிகள் பெருக ஆரம்பித்த காலத்தில் மாதவரம் போய், ஒரு டயர் கடையில் பத்து வருஷம் பஞ்சர் ஒட்டினான். கடை இருந்த இடத்தை ஏதோ கம்பெனி வாங்கிவிட, ஊர் திரும்பினான். டயரை அறுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அடி வைத்துத் தொட்டியாக்கும் வித்தை கையோடு வந்தது. சித்தூர் லாரி ஷெட்டுகளில் தேய்ந்த டயர்களைப் பொறுக்கியெடுத்து பஸ் மேல் ஏற்றி வருவது அவன் மனைவி வெங்கடம்மா. ஊர் எருமைகள் எல்லாம் அவன் தொட்டியில்தான் தண்ணீர் குடித்தன. ஒரே குறை, கேட்டவர்களிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான்.

அவன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்த் தன் தொட்டிகளைக் குப்பைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னான். பார்க்க அவ்வளவு அசிங்கம், யாரும் தூக்கிப் போக மாட்டார்கள் என்பதையே அதன் பெருமையாகச் சொன்னான். ஹரிபாபு தெலுங்கிலேயே பதில் சொன்னார். சர்க்கார் பணத்தில் புதுப் பொருள்தான் வாங்கலாம், பழைய டயரெல்லாம் கூடாது.

"டயருதான் சார் பழசு, தொட்டி புதுசு," என்றான் துலுக்காணம். "பழைய அரிசியிலதான் இட்லி ஊத்தறாங்க. அத பழைய இட்லின்னா சொல்லிக்கினு துன்றீங்க?"

ஹரிபாபு அன்று காலை நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இட்லிக்குப் பதில் அதில் இல்லை. கடைசியில் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் லட்சுமம்மாதான் முடிவு சொன்னார். அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்ததும் துலுக்காணத்தின் தொட்டிதான். 'பழைய டயரால் செய்த புதிய தொட்டி' என்று தீர்மானம் எழுதி, நாற்பது வாங்கலாம் என்றார்கள். ஆனால் விதிப்படி மூன்று பேர் தனித்தனியாக, மூடிய கவரில் விலை எழுதித் தர வேண்டும்.

டயர் தொட்டி செய்கிறவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான். போட்டிக்கு இரண்டு பேருக்கு எங்கே போவது? சைக்கிள் கடை வைத்திருந்த மச்சான் அப்பாவுவைத் தொட்டிக்கு நூற்றிருபது ரூபாய் என்று எழுதச் சொன்னான். வெங்கடம்மாவை நூற்றிப்பத்து எழுதச் சொன்னான். தான் தொண்ணூறு எழுதினான். பெண்களின் டுவாக்ரா சேமிப்புக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய வெங்கடம்மா, யாரையும் கேட்காமல் தானே எழுதிக் கவரை ஒட்டினாள்.

கவர் பிரிக்கிற அன்று துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். ஹரிபாபு படித்தார். அப்பாவு நூற்றிருபது. துலுக்காணம் தொண்ணூறு. வெங்கடம்மா எண்பது.

சரியாகப் பாருங்கள் என்றான். ஹரிபாபு காகிதத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். எண்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கீழே அழகாகக் கையெழுத்து. குறைந்த விலைக்குத்தான் ஆர்டர் என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

வீட்டு வாசலில் வெங்கடம்மாவை நிறுத்திக் கேட்டான்.

"இன்னாமே, இப்டி பண்ணிட்ட?"

"எண்பதுலயே லாபம் கீது. டயரு வாங்கறவ நானு, எனக்குத் தெரியாதா?" என்றாள். "உன் பேர்ல வந்தா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினு டீக்கடையில குந்திக்குவ. இப்போ ஆர்டரு என் பேர்ல, குடுக்கற தேதியும் என்னுது. காலீல ஆறு மணிக்குக் கத்தி எடு."

எடுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே நாற்பது தொட்டிகளும் தெருவுக்குப் போயின. ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை.

ஆனால் ஐப்பசி மழை வந்தது. தொட்டிகளில் தண்ணீர் நின்றது. பழகிய தொட்டி என்று நினைத்த எருமைகள் தெருமுனை தெருமுனையாகப் போய், குப்பையைத் தள்ளிவிட்டுக் குடித்தன. லட்சுமம்மாவின் எருமையே வெங்காயத் தோலைக் கொம்பில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியது. ஆர்டர் எடுத்த வெங்கடம்மாவுக்கு ஆள் வந்தது. அவள் துளைக் கருவியைப் புருஷனிடம் நீட்டினாள். அடியில் நாலு நாலு ஓட்டை. பத்து வருஷம் ஓட்டை அடைத்தே சோறு தின்றவன், நாற்பது தொட்டியிலும் குனிந்து நூற்றறுபது ஓட்டை போட்டான். டீக்கடைக் கூட்டாளிகள் கூடவே வந்து எண்ணினார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து பஞ்சாயத்து எதை வாங்கினாலும், பழையதில் செய்தது கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள்கூட, இடித்த வீட்டு உத்திரங்களிலிருந்து வந்தன. பக்கத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் 'வெங்கடம்மா தொட்டி' எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். துலுக்காணத்துக்கு முதலில் வலித்தது. போகப் போக, வந்தவர்களை உட்காரவைத்து, ஓனரம்மா உள்ளே இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லப் பழகிக்கொண்டான்.

அந்த வருஷ வைகாசியில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்குப் போக அவளிடம் நாலு நாள் லீவு கேட்டான். ஆறு தொட்டி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போ என்றாள். மூன்றாம் நாள் முடித்துக் கொடுத்துவிட்டு, மதிய பஸ்ஸைப் பிடித்தான்.