பியர் செலரின் வடக்குச் சுவர்

என் விசா முடிய இருபத்தாறு நாள் இருந்தபோது அந்த வேலை வந்தது. அது முதலாளியின் பெயரோடு ஒட்டிய விசா. அவர் இன்னொரு கடிதம் கொடுத்தால் நீட்டிப்புக்கு விண்ணப்பம் போடலாம். கொடுக்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஐ.டி.ஐ.யில் இரண்டாம் வருடம் பாதியில் நின்றவன். தூத்துக்குடியில் மீன்களுக்கான ஐஸ் பேக்டரி, பிறகு மஸ்கட், பிறகு கடல்கடந்த இந்த நாட்டில் மனுரேவா என்கிற புறநகர்ப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு என்று குளிரோடு குளிராக நகர்ந்து வந்தவன். ஐஸ் பேக்டரியை இடித்துவிட்டார்கள். மஸ்கட்டில் என் இடத்தில் வேறு ஆள். திரும்பிப் போய் என்ன செய்வது என்று யோசித்தால் நெஞ்சுக்குள் ஒன்றும் அசையாது. அதனால் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அதே நகரத்தின் கிளென் ஈடனில் வீடு, வீட்டின் கராஜ்தான் அலுவலகம். டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடைகளின் ஃப்ரிட்ஜ்களையும் டேக்அவே கடைகளின் ஃப்ரீசர்களையும் பழுது பார்ப்பது எங்கள் தொழில். அந்த வருடம் தொழில் மெலிந்துபோயிருந்தது. மூன்று பப் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அவரைக் கூப்பிட்டு, ஒரு பப்பின் செலரில், அதாவது பியர் வைக்கும் நிலவறையில், கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடுகிறது, குளிர்காலத்தில் வெளியில் சும்மா கிடக்கும் குளிர்காற்றை உள்ளே இழுத்து பியரைக் குளிரவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் வெள்ளோட்டம். கம்ப்ரசர் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தால் மற்ற இரண்டு பப்பும் எங்களுக்கு.

"தம்பி, வடிவாக் கேளும்," என்றார் முதலாளி. "இது சரி வந்தால் ஒரு வருசத்துக்கு வேலை இருக்கெண்டு நான் காட்டலாம். உம்மட கடிதத்தை அண்டைக்கே எழுதுவன். பிழைச்சால் எந்த வேலையைக் காட்டி எழுதுறது? பொய் எழுத என்னட்டைக் கை இல்லை."

"நீங்க எழுதுவீங்கண்ணே. நான் முடிச்சுத் தரேன்," என்றேன்.

செலர், பப்பின் பின்பக்கம் பாதி மண்ணுக்குள் இறங்கிய கான்கிரீட் கற்களால் கட்டிய அறை. ஆறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். கெக் என்கிற இரும்புப் பீப்பாய்கள் இரண்டு வரிசை. பியர் பன்னிரண்டு டிகிரியில் இருக்க வேண்டும். கூடினால் குழாயில் நுரைதான் வரும்.

முதலாளி ஒரு சின்ன விசிறியைக் கையில் கொண்டுவந்திருந்தார், குளியலறையில் மாட்டுவது போல. நான் வேண்டாம் என்றேன். ஒரு கெக் மேல் உட்கார்ந்து அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சுவர் வழியாக வரும் வெப்பம் இவ்வளவு. செவ்வாய்க்கிழமை லாரியிலிருந்து வெதுவெதுப்பாக இறங்கும் கெக்குகள் கொண்டுவருவது இவ்வளவு. குழாய்களைக் குளிர்விக்கும் இயந்திரம் தன் சூட்டை அறைக்குள்ளேயே துப்புவது இவ்வளவு. பல்பு, ஆள் நடமாட்டம். மொத்தம் இரண்டு கிலோவாட்டை ஒட்டி வந்தது. வெளிக்காற்று எட்டு டிகிரி என்றால் நமக்குக் கிடைப்பது நாலு டிகிரி வித்தியாசம்தான். ஒரு டிகிரிக்கு, மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று, ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கிக்கொண்டு போகும். அப்படியானால் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு கன மீட்டர் காற்று வேண்டும். சின்ன விசிறி அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தராது.

முதலாளி அட்டையை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "படிப்பை ஏன் ஐசே விட்டனீர்?" என்றார்.

பெரிய விசிறி வந்தது. உள்ளே வரும் காற்றுக்கு ஒரு ஓட்டை, வெளியேறும் காற்றுக்கு எதிர்ச்சுவரில் இன்னொரு ஓட்டை. வெளியில் ஒரு சென்சார், உள்ளே ஒரு சென்சார். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தால் ஷட்டர் திறந்து விசிறி ஓடும், கம்ப்ரசர் நிற்கும். எந்தச் சுவரில் விசிறி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வடக்குச் சுவரில் வைத்தேன். வாடை வடக்கிலிருந்துதான் அடிக்கும். ஐஸ் பேக்டரியிலும் காற்று வாங்கும் பக்கம் வடக்குதான். வெளியேறும் ஓட்டையைத் தெற்குச் சுவரில் குடைந்தேன். அந்தப் பக்கம் மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. சுவரில் பாசி கனமாகப் பிடித்திருந்தது. ஷட்டர் ஒட்டி உட்கார வேண்டும் என்று அதை உளியால் சுரண்டி எடுத்தேன்.

முதல் நாளிலிருந்தே சரியில்லை. கம்ப்ரசரில் மாட்டியிருந்த மணிக்கணக்கு மீட்டரைத் தினமும் போய்ப் பார்த்தேன். மனுரேவாவிலிருந்து ரயில், நகரத்தில் இறங்கி இன்னொரு ரயில், பிறகு நடை. மீட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. விசிறி விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியிருக்கும், அவ்வளவுதான். அட்டையை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். கணக்கில் தப்பு இல்லை. தப்பு இல்லாதது பயமாக இருந்தது. தப்பு இருந்தால் திருத்தலாமே. ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது இவர்களெல்லாம் அடுத்த மாதமும் இந்த ரயிலில் போவார்கள் என்று தோன்றும். அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது மனதில்.

ஆறாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். கம்ப்ரசரின் தெர்மோஸ்டாட்டைப் பன்னிரண்டிலிருந்து பதினாலுக்குத் திருப்பிவைத்தேன். மீட்டர் மெதுவாக ஏறும், அவ்வளவுதான் என் எண்ணம். அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் ஆறு குழாயிலும் நுரை.

மறுநாள் காலை முதலாளி கராஜில் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆர் திருப்பினது?"

"நான்தாண்ணே."

"ஏன்?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அந்த மனுசன் எனக்கு என்ன சொன்னவர் தெரியுமோ? அடுத்த வெள்ளி வரைக்கும் தாறாராம். அதுக்குப் பிறகு எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போகட்டாம், ஓட்டையையும் அடைச்சுப்போட்டு." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "உம்மட விசா எண்டைக்கு முடியுது?"

"அதுக்கு அடுத்த திங்கள்."

"ஓம்," என்றார். அந்த ஓமில் திட்டு இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களோடு இன்னொரு மெக்கானிக் இருந்தான், ஃபீஜியில் பிறந்தவன். அவன் கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறினவராம். அவனிடம் நாற்பது தமிழ்ச் சொற்கள் இருக்கும், பாதி சாப்பாடு, பாதி திட்டு; மற்றதெல்லாம் ஆங்கிலம், அதை என் தமிழில் சொல்கிறேன். வெளிச் சென்சார் கெட்டிருக்குமோ என்று பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை வேனில் கூட்டிப்போனேன். பகல் பதினோரு மணி. வண்டியிலிருந்து இறங்கியவன் கார் நிறுத்துமிடத்தில் நின்று, கறுப்புப் பெயிண்ட் அடித்த அந்த வடக்குச் சுவரையும் என் விசிறியையும் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

"மச்சான், காத்து வாங்குற வாயை இங்கயா வெச்ச?"

"ஏன்?"

"கை வை."

சுவரில் கை வைத்தேன். குளிர்காலத்தின் நடுவில் அது தோசைக்கல் ஆறுவது போலச் சுட்டது. காலடியில் தார்த் தரையும் வெதுவெதுப்பு.

"இது வடக்கு," என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"வடக்குதான் வெயில், மச்சான். இங்க எங்கம்மா துணி எல்லாம் வடக்குல போடும். தெற்குல போட்டா ஒரு வாரம் ஈரம்." சந்துப் பக்கம் கை காட்டினான். "பாசி அங்கதானே? குளிர் அங்கேருந்துதான் வரும். சதர்லி, தெக்கத்திக் காத்து. முட்டாள்." கடைசிச் சொல் அவனுக்குத் தெரிந்த நாற்பதில் ஒன்று.

என் நிழலைப் பார்த்தேன். அது தெற்கே விழுந்திருந்தது. இந்த நாடு பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது; இங்கே சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஜன்னல் இல்லாத கிடங்கில், எட்டு மாதம் கடைகளின் பின்னறைகளில். சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. அந்தச் சுவர் பகலெல்லாம் வெயில் குடித்து இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மாட்டிய சென்சார் பொய் சொல்லவில்லை; அந்த இடத்தில் சூடு என்று உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தது. பாசியை என் கையாலேயே சுரண்டியிருக்கிறேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அவர், "நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்," என்றார். "பருத்தித்துறையிலும் வாடை வடக்காலதான். எனக்கும் வடக்கெண்டால் குளிர்தான். இருவது வருசமா இஞ்ச இருக்கிறன்." பிறகு, "ட்ரில்லை எடும்," என்றார்.

திங்கட்கிழமை பப்பில் கூட்டம் இருக்காது. தெற்கு ஓட்டை சின்னது, பெரிய விசிறிக்கு அதை அகலப்படுத்த வேண்டும். சந்தில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். நான் ட்ரில்லைப் பிடித்தேன், முதலாளி தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், முழங்கால் வரை சேற்றில். சாயங்காலத்துக்குள் விசிறியும் சென்சாரும் தெற்கே வந்துவிட்டன. வடக்கு ஓட்டை வெளியேறும் வழியானது.

செவ்வாய் மழை. அதுவும் வடக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான மழை. புதனும் அப்படியே. வெளியே பதினைந்து டிகிரி. ஷட்டர் மூடியே கிடந்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாக இருந்து, காற்று மட்டும் வர வேண்டியிருந்தது. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. வியாழக்கிழமை என் பையில் துணிகளை அடுக்கினேன். ஒரு மூட்டைக்கு மேல் எப்போதும் என்னிடம் இருந்ததில்லை, பத்து நிமிடம்தான் ஆனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செலரில் ஒரு கெக் மேல் உட்கார்ந்திருந்தேன். பப் உரிமையாளர் ஐந்து மணிக்கு மீட்டர் பார்க்க வருவதாக ஏற்பாடு. இரண்டரை மணிக்கு மேலே கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தம். யாரோ ஆங்கிலத்தில் காற்றைத் திட்டினார்கள். பிறகு ஷட்டரின் தகடுகள் டக்கென்று திறந்தன. விசிறி சுற்ற ஆரம்பித்தது. முகத்தில் அடித்த காற்றில் மண் வாசனையும் பெரணி இலை வாசனையும் இருந்தன. கம்ப்ரசர் ஒரு தரம் குலுங்கி நின்றது.

அந்த நிசப்தத்தில் நான் அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

உரிமையாளர் வந்தபோது கம்ப்ரசர் நின்று இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. உள் சென்சார் பதினொன்றரை காட்டியது. இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கம்ப்ரசர் ஓடிய நேரம் பாதியாகக் குறையவே இல்லை; முதலாளி அதை மறைக்காமல் சொன்னார், சுவர்க் கதையையும் சேர்த்துச் சொன்னார். அந்த மனிதர் மீட்டரைப் பார்க்கவில்லை. காற்றில் கையை நீட்டிக்கொண்டு நின்றார், கம்ப்ரசர் மேல் மற்றக் கையை வைத்தார். அதன் சத்தம் இல்லாமல் இந்த அறையைத் தான் கேட்டதே இல்லை என்றார். மற்ற இரண்டு செலர்களையும் திங்கட்கிழமை வந்து அளக்கச் சொன்னார்.

முதலாளி கடிதத்தை வேனின் முன்சீட்டில் வைத்து எழுதினார். "வேலைக்கு என்ன பேர் போடுறது?" என்று கேட்டார். "குளிர்காற்று அமைப்பாளர்" என்று அவரே ஒரு பேர் வைத்து, ஆங்கிலத்தில் அதை இரண்டு தரம் அடித்துத் திருத்தினார். திங்கட்கிழமை காலை விசா அலுவலகத்தில் முதல் ஆளாக வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சில வாரம் கழித்து ஒரு வருடம் கிடைத்தது.

அன்று அந்த வரிசையிலிருந்து நேராக இரண்டாவது பப்புக்குப் போனேன், அளவு நாடாவோடு. வாசலில் நின்று முதலில் என் நிழலைப் பார்த்துத் தெற்குச் சுவர் எது என்று கண்டுபிடித்தேன். அதற்கு அந்தப் பக்கம் ஒட்டினாற்போல ஒரு பேக்கரி இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.