அம்மாவும் நானும் போட்ட பந்தயம்

இன்று காலை சிக்னலில் என் காருக்கு முன்னால் நின்ற பழைய மொபெட் குப்பென்று புகை விட்டது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிந்த அந்த வாசனையில் எனக்குச் சட்டென்று பதினைந்து வயதாகிவிட்டது.

அந்தக் காலாண்டு விடுமுறையில் கள்ளக்குறிச்சியிலிருந்து அம்மாவும் நானும் மொபெட்டில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். பின்னால் தார்ப்பாய், கயிறு, அவல்.

"பொம்பளைங்க ரெண்டு பேரும் மலையில தங்கப் போறீங்களா?" என்றார் அப்பா.

"ஏன், மலை இன்னா புடிச்சி முழுங்கிடுமா?" என்றாள் அம்மா.

மலைப்பாதையின் முதல் வளைவிலேயே வண்டி திணறியது.

"ரெண்டு பேர இது இழுக்காதுடி. நீ ஒத்தையடிப் பாதையில ஏறு, நான் ரோட்டுல வரேன். யாரு மொதல்லன்னு பாப்போம்!"

பாறைகளைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் நானே முந்தினேன். திடீரென்று கீழே வண்டிச் சத்தம் நின்றுபோனது. இறங்கி ஓடினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? தள்ளு!"

சிரித்துக்கொண்டே தள்ளினோம். அன்று மலைமேல் இருக்கும் கரியாலூரில் ஒரு பலா மரத்தடியில் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். மறுநாள் காலை அருவிக்கு நடந்தோம். வீட்டில் அதிர்ந்து பேசாத அம்மா, புடவையோடு அருவிக்குள் போய் நின்று "ஹோ" என்று கத்தினாள்.

"நீயும் கத்துடி! இங்க யாரு கேக்கப் போறாங்க?"

இருவரும் மாறி மாறிக் கத்தினோம்.

வீடு திரும்பியதும், "மலை எப்படி இருந்துச்சி?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தோம். இரண்டு பேருக்கும் குரலே வரவில்லை.