திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம்

தேனிப் பக்கம் நூல் மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைத் தின்ற சுருளியாண்டிக்கு, பெண்சாதி போனபின் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கதி. அவரைத் தேடி வருகிறவர்கள் மருத்துவ மாணவர்கள் மட்டுமே. முதுகைத் தட்டிப் பார்க்கும் அந்தக் கைகளுக்காகவே விடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஐயா, வாரத்துல என்னைக்கு நெஞ்சு ரொம்ப இறுக்கும்?" என்று மாணவி மகிமா கேட்டாள்.

"மில்லுல இருந்தப்ப திங்கக்கிழமை ஆத்தா. லீவு முடிஞ்சு தூசிக்குள்ள போனதும் கப்புனு பிடிச்சுக்கிரும்."

பாடப் புத்தகத்தில் இருந்ததும் அதேதான். கூட வந்த பேராசிரியர் தலையாட்ட, கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டே, ஆளில்லாத கட்டிலோரத்தைப் பார்த்து மிச்சத்தையும் சொன்னார்:

"இப்பல்லாம் ஞாயித்துக்கிழமைதான் ஆத்தா. அன்னைக்கு நீங்க யாரும் வரமாட்டீகல்ல."